என்ஜினா, வரிப் பட்டியலா? கோடி ரூபாய்க் கார்களின் போட்டியைத் தீர்மானிப்பது எது?

புதுதில்லி:

2021 டிசம்பரில் ரஷ்ய அதிபர் விளாதிமிர் புடின் தில்லிக்கு வந்தபோது, ஹைதராபாத் இல்லத்தின் வாசலில் வந்து நின்ற பிரதமரின் புதிய கறுப்பு நிறக் கார், உச்சி மாநாட்டுக்கு இணையாகப் பேசப்பட்டது. மெர்சிடிஸ்-மேபேக் எஸ் 650 கார்ட் என்னும் அந்தக் காரின் விலை 12 கோடி ரூபாய் என்று செய்திகள் வெளியாயின. விலை அதைவிட மிகக் குறைவு என்றும், அதுவரை பயன்படுத்தப்பட்ட பிஎம்டபிள்யூ மாதிரியின் தயாரிப்பு நின்றுவிட்டதால் வழக்கமான முறையில் செய்யப்பட்ட மாற்றமே இது என்றும் அரசு வட்டாரங்கள் விளக்கம் அளித்தன. எதிர்க்கட்சிகள் கேள்வி எழுப்பின. சில நாள்களில் சர்ச்சை ஓய்ந்தது.

அந்தச் சர்ச்சையில் கேட்கப்படாமல் போன கேள்வி ஒன்று உண்டு. உலகில் எத்தனையோ நிறுவனங்கள் கார் தயாரிக்கும்போது, நாடுகளின் தலைவர்களும் பெருந்தொழிலதிபர்களும் மீண்டும் மீண்டும் இரண்டு மூன்று பெயர்களையே நாடுவது ஏன்? ஒரு சொகுசுக் கார் நிறுவனத்தின் உச்ச மாதிரியான செடான் கார், போட்டியில் நிலைத்து நிற்பது எதனால்?

ஜெர்மனியில் இதற்குக் கிடைக்கும் விடை, பொறியியல் என்பதாகும். இந்தியாவில் கிடைக்கும் விடை சற்று வேறானது. இங்கு அந்த விடையின் பெரும்பகுதி மத்திய நிதியமைச்சகத்தின் சுங்க வரிப் பட்டியலிலும், சரக்கு மற்றும் சேவை வரி (ஜிஎஸ்டி) கவுன்சிலின் தீர்மானங்களிலும் அடங்கியிருக்கிறது.

கொடி தாங்கும் கார்

ஒவ்வொரு சொகுசுக் கார் நிறுவனமும் தனது உச்ச மாதிரியைத் தன் கொடியைத் தாங்கும் வாகனமாகவே கருதுகிறது. மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனத்துக்கு எஸ்-கிளாஸ், பிஎம்டபிள்யூவுக்கு 7 சீரிஸ், ஆடிக்கு ஏ8, டொயோட்டாவின் சொகுசுப் பிரிவான லெக்சஸுக்கு எல்எஸ். விற்பனை எண்ணிக்கையில் இவை அந்தந்த நிறுவனங்களின் சிறு பகுதியே. ஆனால், அந்த நிறுவனத்தால் எது முடியும் என்பதை உலகுக்குக் காட்டுபவை இவையே. இவற்றில் அறிமுகமாகும் தொழில்நுட்பம், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நடுத்தரக் குடும்பத்தின் காருக்கும் வந்து சேருகிறது.

இதற்கு எஸ்-கிளாஸின் வரலாறே சான்று. 'தனிச் சிறப்பு வகுப்பு' என்னும் பொருள்படும் ஜெர்மன் சொல்லிலிருந்து எடுக்கப்பட்ட இப்பெயர், 1972ல் வெளிவந்த மாதிரிக்கு முதன்முறையாக அதிகாரபூர்வமாகச் சூட்டப்பட்டது. திடீரென பிரேக் பிடிக்கும்போது சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்குவதைத் தடுக்கும் மின்னணு ஏபிஎஸ் அமைப்பு, 1978ல் இந்தக் காரில்தான் விற்பனைக்கு வந்தது. ஓட்டுநருக்கான ஏர்பேக் 1980களின் தொடக்கத்தில் அடுத்த தலைமுறை எஸ்-கிளாஸில் இடம்பெற்றது. வளைவுகளில் வண்டி நிலைகுலையாமல் காக்கும் இஎஸ்பி அமைப்பு 1995ல் இதே வரிசையின் உயர்ரகக் காரில் அறிமுகமானது. முன்செல்லும் வாகனத்தை ரேடார் மூலம் அளந்து வேகத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதி 1998ல் வெளியான தலைமுறையுடன் வந்தது.

இன்று இந்தியாவில் சில லட்சம் ரூபாய்க்கு விற்கப்படும் சிறிய கார்களிலும் ஏபிஎஸ், ஏர்பேக் ஆகியவை உள்ளன. ஒரு காலத்தில் கோடீசுவரர்கள் மட்டுமே பெற்றிருந்த பாதுகாப்பு அது. உச்ச மாதிரிக் கார்களை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்குப் பொறியாளர்கள் முன்வைக்கும் வலுவான வாதமும் இதுவே.

போட்டியின் இலக்கணத்தை மாற்றிய ஜப்பான்

பொறியியல் மட்டும் போதும் என்ற ஜெர்மானிய நம்பிக்கையை அசைத்தது ஜப்பான். 1989ல் டொயோட்டா நிறுவனம் லெக்சஸ் எல்எஸ் 400 காரை அமெரிக்கச் சந்தையில் இறக்கியது. பல ஆண்டு உழைப்பும், நூறு கோடி டாலருக்கும் அதிகமான முதலீடும், நூற்றுக்கணக்கான முன்மாதிரி வண்டிகளும் அதன் பின்னணியில் இருந்தன. ஆனால் விலையோ ஏறத்தாழ 35 ஆயிரம் டாலர் மட்டுமே. ஜெர்மன் போட்டியாளர்களின் உச்ச மாதிரிகளைவிட அது பெரிதும் குறைவு.

விற்பனை தொடங்கிய சில மாதங்களிலேயே அந்தக் காருக்கு ஒரு சோதனை வந்தது. பிரேக் விளக்கிலும் வேகக் கட்டுப்பாட்டு அமைப்பிலும் கோளாறு இருப்பதாகப் புகார்கள் எழுந்தன. விற்கப்பட்ட 8 ஆயிரம் கார்களையும் திரும்பப் பெற்றுச் சரிசெய்ய லெக்சஸ் முன்வந்தது. பணியாளர்கள் உரிமையாளர்களின் வீட்டுக்கே சென்று காரை எடுத்துவந்து, பழுது நீக்கி, கழுவித் துடைத்துத் திரும்ப ஒப்படைத்தனர். 20 நாள்களில் பணி முடிந்தது. பெயரைக் கெடுத்திருக்க வேண்டிய கோளாறே, பெயரை நிலைநிறுத்தும் வாய்ப்பாக மாறியது.

அன்று முதல் உச்ச மாதிரிக் காரின் போட்டித்திறன் என்பது என்ஜினின் குதிரைத் திறனோடு முடிந்துவிடுவதில்லை. ஓசையின்மை, பழுதின்மை, விற்பனைக்குப் பிந்தைய சேவை, விலைக்கு ஈடான மதிப்பு ஆகிய அனைத்தும் அதில் சேர்ந்துகொண்டன.

பின் இருக்கையின் ஆட்சி

இந்தியாவுக்கு வந்தால் அளவுகோல் இன்னொரு முறை மாறுகிறது. ஐரோப்பாவில் இத்தகைய கார்களை உரிமையாளரே ஓட்டுவதும் உண்டு. இங்கோ, ஓட்டுபவர் ஒருவர், உரிமையாளர் வேறொருவர். காரை வாங்குபவர் பின் இருக்கையில் அமர்கிறார். எனவே போட்டி முழுவதும் பின் இருக்கையைச் சுற்றியே நடக்கிறது.

2020ல் உலக அளவில் வெளியான இப்போதைய தலைமுறை எஸ்-கிளாஸ், பின் இருக்கையில் இருப்போருக்கும் முன்புறமாக விரியும் ஏர்பேக்கைக் கொண்டுவந்தது. 2022ல் வெளியான பிஎம்டபிள்யூ 7 சீரிஸ், பின் இருக்கைக்காரருக்காகக் கூரையிலிருந்து இறங்கும் 31 அங்குலத் திரையை வைத்தது. இரண்டு கார்களின் நீளமும் 5.3 மீட்டரைத் தொடுகிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரம் இரண்டிலும் 3.2 மீட்டர் அளவில் உள்ளது. கால் நீட்ட இடம் வேண்டும் என்பதே இந்த நீளத்தின் நோக்கம்.

இவ்வளவு நீளமான வண்டி இந்தியச் சாலைகளின் வேகத்தடைகளில் அடிபடாமல் செல்ல வேண்டும். காற்றழுத்தத்தால் இயங்கும் ஏர் சஸ்பென்ஷன், தேவைப்படும் இடத்தில் காரை உயர்த்திக்கொடுக்கிறது. குறுகிய இடத்தில் திரும்புவதற்காகப் பின் சக்கரங்களும் சேர்ந்து திரும்புகின்றன.

ஜெர்மனியில் பெரிதாகப் பேசப்படும் மற்றொரு தொழில்நுட்பத்துக்கு இங்கு இடமே இல்லை. குறிப்பிட்ட நெடுஞ்சாலைகளில், குறிப்பிட்ட வேகத்துக்குள், ஓட்டுநர் கைகளை எடுத்துவிட்டுக் காரே தன்னை ஓட்டிக்கொள்ளும் வசதிக்கு 2021 டிசம்பரில் அந்நாட்டின் மோட்டார் வாகன ஆணையம் எஸ்-கிளாஸுக்கு அனுமதி அளித்தது. தேசிய நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் டிராக்டர் வரும் நாட்டில் அந்த வசதியை யாரும் கேட்பதில்லை. தேர்ந்த ஓட்டுநர் ஒருவரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொள்வதே இங்கு எளிது.

பாதுகாப்புக் கவசம் என்னும் விளம்பரம்

தலைநகரில் இந்தக் கார்களுக்கு மற்றொரு முகமும் உண்டு. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசிடர் கார், 1950களின் இறுதி முதல் அரசு அதிகாரத்தின் அடையாளமாக விளங்கியது. ரைசினா குன்றின் மீது வரிசையாக நின்ற வெள்ளை அம்பாசிடர்களைத் தலைநகரை அறிந்தவர்கள் மறக்க மாட்டார்கள். நாடாளுமன்றம் 2001 டிசம்பரில் தாக்கப்பட்ட பிறகு, பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பிரதமர் வாஜ்பாய் காலத்தில் குண்டு துளைக்காத பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் கார்கள் வாங்கப்பட்டன. அம்பாசிடரின் அரசு மதிப்பு அத்துடன் சரியத் தொடங்கியது. 2014 மே மாதம் அதன் தயாரிப்பே நின்றது. பெயர் மட்டும் 2017ல் 80 கோடி ரூபாய்க்கு பிரெஞ்சு நிறுவனமான பெஜோவுக்கு விற்கப்பட்டது.

கவசம் பூண்ட காரைத் தயாரிப்பது, சாதாரணக் காரின் மீது இரும்புத் தகடு ஒட்டும் வேலையன்று. சில டன் கூடுதல் எடையைத் தாங்கக்கூடிய அடித்தளம், என்ஜின், பிரேக், டயர் ஆகியவை தொழிற்சாலையிலேயே அதற்கென வடிவமைக்கப்பட வேண்டும். துப்பாக்கிக் குண்டுகளையும் வெடிப்பையும் எந்த அளவுக்குத் தாங்கும் என்பதற்கு ஐரோப்பியத் தரச் சான்றுகள் உள்ளன. எஸ் 650 கார்ட் பெற்றிருப்பது விஆர்-10 என்னும் மிக உயர்ந்த சான்று. இத்தகைய ஆற்றல் உள்ள நிறுவனங்கள் மிகச் சில. ஒரு நாட்டின் தலைவர் அந்தக் காரிலிருந்து இறங்கும் ஒரு புகைப்படம், எந்த விளம்பரப் பலகையாலும் பெற முடியாத மதிப்பை நிறுவனத்துக்குத் தேடித்தருகிறது. அதற்கான செலவு பொதுப் பணத்திலிருந்து போகிறது என்பதும் மறுக்க முடியாதது.

முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங் 2024 டிசம்பரில் மறைந்தபோது, ஒரு காலத்தில் அவரது பாதுகாப்புக் குழுவில் பணியாற்றியவரும் பின்னர் உத்தரப் பிரதேச அமைச்சரானவருமான அசீம் அருண் ஒரு நினைவைப் பகிர்ந்துகொண்டார். பிரதமர் இல்லத்தில் பளபளக்கும் கறுப்பு பிஎம்டபிள்யூவுக்குப் பின்னே அவரது சொந்த மாருதி 800 நின்றிருக்குமாம். தன்னுடைய வண்டி அந்த மாருதிதான் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வாராம். ஆனாலும் பாதுகாப்பு விதிகளின்படி அவர் பயணம் செய்தது பிஎம்டபிள்யூவில்தான்.

சாகனும் மகிந்திரா சிட்டியும்

இனி விலைக்கு வருவோம். இந்தியச் சந்தையில் உச்ச மாதிரிக் காரின் வெற்றியைத் தீர்மானிப்பதில், அது எங்கே ஒன்றுசேர்க்கப்படுகிறது என்பதற்கு ஈடான காரணி வேறில்லை.

2021 ஜூன் மாதம் புதிய எஸ்-கிளாஸ் இந்தியாவுக்கு வந்தபோது, முழுமையாக இறக்குமதி செய்யப்பட்ட எஸ் 450 காரின் விலை, வரிகள் உட்பட ஷோரூமில் 2.19 கோடி ரூபாய். நான்கே மாதங்களில், புணே அருகே உள்ள சாகன் ஆலையில் அதே கார் ஒன்றுசேர்க்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. விலை 1.62 கோடி ரூபாய். வசதிகளில் சிறு வேறுபாடுகள் இருந்தன என்றாலும், 57 லட்சம் ரூபாய் குறைந்ததற்கு முதன்மைக் காரணம் வரியே ஆகும்.

அந்தக் கணக்கு எளிமையானது. 40 ஆயிரம் டாலருக்கு மேல் மதிப்புள்ள கார் முழுமையாக இறக்குமதியானால், இப்போது மொத்தச் சுங்கச் சுமை 110 சதவீதம். 100 ரூபாய் மதிப்புள்ள கார் துறைமுகத்தைத் தாண்டும்போது 210 ரூபாய் ஆகிறது. அதன்மீது பெட்ரோல், டீசல் சொகுசுக் காருக்கான ஜிஎஸ்டி 40 சதவீதம் சேர்ந்தால் 294 ரூபாய். விற்பனையாளரின் பங்கும் மாநில சாலை வரியும் இதற்குப் பிறகுதான் வருகின்றன. மாறாக, காரைப் பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே ஒன்றுசேர்த்தால் அடிப்படைச் சுங்க வரி 15 சதவீதம் மட்டுமே. இங்கு ஆகும் ஒன்றுசேர்ப்புச் செலவைச் சேர்த்தாலும், இடைவெளி மிகப் பெரிது.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு. என்ஜின், கியர்பாக்ஸ் போன்றவை வெளிநாட்டிலேயே முழுமையாகப் பொருத்தப்பட்டு வந்தால் 15 சதவீதச் சலுகை கிடையாது. 2023 பட்ஜெட்டுக்குப் பிறகு அதற்கான வரி 35 சதவீதம். எனவே என்ஜினையும் இங்கேயே ஒன்றுசேர்க்க வேண்டிய கட்டாயம் நிறுவனங்களுக்கு ஏற்பட்டது. போர்ஸ் மோட்டார்ஸ் நிறுவனம் மெர்சிடிஸுக்காக சாகனிலும், பிஎம்டபிள்யூவுக்காக 2015 முதல் சென்னை அருகிலும் என்ஜின்களை ஒன்றுசேர்த்துக் கொடுப்பது இந்த விதியின் விளைவுதான்.

செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பிஎம்டபிள்யூவின் ஆலை 2007 மார்ச் மாதம் தொடங்கப்பட்டது. 7 சீரிஸ் செடான் அங்கேதான் உருப்பெறுகிறது. அந்த ஆலையிலிருந்து 2022ல் வெளிவந்த ஒரு லட்சமாவது காரும் 7 சீரிஸ் வகையைச் சேர்ந்ததே. 2023 ஜனவரியில் புதிய தலைமுறை 740ஐ கார் 1.70 கோடி ரூபாய் விலையில், எஸ்-கிளாஸுக்கு நேரடிப் போட்டியாக நின்றது. தமிழகத் தொழிலாளர்களின் கைவண்ணம் இல்லாமல் அந்த விலை சாத்தியமில்லை. அதேபோல சுங்கச் சட்டத்தின் அந்த ஒரு பிரிவு இல்லாமல் அந்த ஆலையும் இந்த வடிவில் இருந்திருக்காது.

வேளாண்மைக்கான வரி, சொகுசுக் காரின் மீது

2025 பிப்ரவரி பட்ஜெட்டில் உயர்விலைக் கார்களின் அடிப்படைச் சுங்க வரி 70 சதவீதமாகக் குறைக்கப்பட்டதாகச் செய்தி வெளியானதும், சொகுசுக் கார்களின் விலை சரியும் என்று பலர் எதிர்பார்த்தனர். விலை சரியவில்லை. அதுவரை நடைமுறையில் 100 சதவீத அடிப்படை வரியும், அதன்மீது 10 சதவீத சமூக நலக் கூடுதல் வரியும் இருந்தன. புதிய ஏற்பாட்டில் 70 சதவீத அடிப்படை வரியுடன் 40 சதவீத வேளாண் உள்கட்டமைப்பு மேம்பாட்டுக் கூடுதல் வரி சேர்க்கப்பட்டது. கூட்டினால் அதே 110 சதவீதம்.

வாங்குபவருக்கு எந்த மாற்றமும் இல்லை. மாநிலங்களுக்கு மாற்றம் உண்டு. அடிப்படைச் சுங்க வரி, அரசியல் சட்டத்தின்படி மாநிலங்களுடன் பகிர்ந்துகொள்ளப்படும் தொகுப்பில் சேருகிறது. கூடுதல் வரிகளோ அந்தத் தொகுப்பில் சேருவதில்லை. முழுமையும் மத்திய அரசுக்கே உரியவை. ஆக, 100 ரூபாய் மதிப்புள்ள காரில் மாநிலங்களுடன் பகிரத்தக்க வரி 100 ரூபாயிலிருந்து 70 ரூபாயாகக் குறைந்தது. பகிரத் தேவையில்லாத வரி 10 ரூபாயிலிருந்து 40 ரூபாயாக உயர்ந்தது. மொத்த வருவாயில் இது சிறு தொகையாக இருக்கலாம். ஆனால் கூடுதல் வரிகள் பெருகுவதால் தங்கள் பங்கு சுருங்குகிறது என்று மாநிலங்கள் எழுப்பிவரும் குறைக்கு, இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

மின்சாரம் என்னும் குறுக்குவழி

போட்டியின் அடுத்த அத்தியாயம் மின்சாரக் கார். 2019 ஆகஸ்ட் முதல் மின் வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் மட்டுமே. விலை எவ்வளவாக இருந்தாலும் இதே விகிதம்தான். 2025 செப்டம்பர் 22ந்தேதி அமலுக்கு வந்த வரிச் சீரமைப்புக்கு முன், உயர்விலை மின் கார்களுக்கு வரியை உயர்த்துவது பற்றிய யோசனை ஜிஎஸ்டி கவுன்சில் வட்டாரத்தில் பேசப்பட்டது. முடிவில் 5 சதவீதமே நீடித்தது.

விளைவு என்ன? 2022ல் மெர்சிடிஸ் தனது மின்சார உச்ச மாதிரியான இகியூஎஸ் 580 காரை சாகனிலேயே ஒன்றுசேர்த்து 1.55 கோடி ரூபாய்க்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. முழுமையாக இறக்குமதி செய்யப்பட்ட பிஎம்டபிள்யூ ஐ7 மின்சார செடான், 2023 ஜனவரியில் 1.95 கோடி ரூபாய்க்கு வந்தது. இறக்குமதி வரியின் முழுச் சுமையைத் தாங்கியும், சென்னையில் உருவான பெட்ரோல் காருடன் ஒப்பிடும்போது அதன் விலை 25 லட்சம் ரூபாய் மட்டுமே அதிகம். ஜிஎஸ்டி வேறுபாடுதான் அந்த இடைவெளியைச் சுருக்கியது.

இன்றைய நிலையில் ஒரு கோடி ரூபாய் அடிப்படை மதிப்புள்ள பெட்ரோல் செடானுக்கு ஜிஎஸ்டி 40 லட்சம் ரூபாய். அதே மதிப்புள்ள மின்சார செடானுக்கு 5 லட்சம் ரூபாய். இன்னொரு ஒப்பீடும் கவனிக்கத்தக்கது. நடுத்தரக் குடும்பம் வாங்கும் சிறிய பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பர் முதல் 18 சதவீதம். கோடி ரூபாய் மின் காருக்கு 5 சதவீதம்.

சுற்றுச்சூழலைக் காக்க மின் வாகனங்களுக்குச் சலுகை அவசியம் என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால், சலுகை இல்லாவிட்டாலும் வாங்கக் கூடியவருக்கு அந்தச் சலுகை எதற்கு என்ற கேள்வி நியாயமானது. கர்நாடக அரசு 2024ல் 25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட மின் கார்களுக்கு 10 சதவீத வாழ்நாள் வரி விதித்தது இந்தக் கேள்விக்கு ஒரு மாநிலம் அளித்த விடை எனலாம்.

நீதிமன்ற வாசலிலும் ஒரு போட்டி

வரிக்கு அப்பால், ஒரே ஓர் உத்தரவில் சந்தையே தலைகீழாகும் என்பதற்குத் தலைநகர் சாட்சி. காற்று மாசு கடுமையானதால், 2,000 சிசிக்கு மேற்பட்ட டீசல் என்ஜின் கொண்ட தனியார் கார்களைத் தில்லியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பதிவு செய்ய 2015 டிசம்பர் 16ந்தேதி உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. எஸ்-கிளாஸின் மூன்று லிட்டர் டீசல் காரும் அதில் சிக்கியது. நாட்டின் முதன்மையான சொகுசுச் சந்தைகளுள் ஒன்றில் எட்டு மாதங்கள் அதை விற்க முடியவில்லை. ஷோரூம் விலையில் 1 சதவீதம் பசுமை வரி செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையுடன் 2016 ஆகஸ்ட் 12ந்தேதி தடை நீங்கியது. பெட்ரோல் மாதிரிகளைக் கைவசம் வைத்திருந்த நிறுவனங்களால் மட்டுமே அந்த மாதங்களைச் சேதமின்றிக் கடக்க முடிந்தது.

எதிரே வரும் புயல்கள்

இந்தியச் சந்தை சிறியது. 2024ல் மெர்சிடிஸ் இந்தியாவில் விற்ற கார்கள் மொத்தம் 19,565. பிஎம்டபிள்யூ குழுமம் விற்றவை 15,721. நாட்டில் ஆண்டுக்கு விற்பனையாகும் 43 லட்சம் பயணிகள் வாகனங்களில் சொகுசுக் கார்களின் பங்கு சுமார் 1 சதவீதமே. உச்ச மாதிரி செடான்களின் பங்கு அதிலும் சிறு துளி.

உலக அளவில் இந்தப் போட்டியின் முக்கியக் களம் சீனா. எஸ்-கிளாஸின் மிகப் பெரிய சந்தையும் அதுவே. அங்கேயே இப்போது ஜெர்மானியர்களுக்குச் சவால் எழுந்துள்ளது. தொலைத்தொடர்பு நிறுவனமான ஹுவாவேயும் ஜேஏசி நிறுவனமும் இணைந்து 2025 மே மாதம் கொண்டுவந்த மாக்ஸ்ட்ரோ எஸ்800 செடான், 7 லட்சத்து 8 ஆயிரம் யுவான் தொடக்க விலையில் விற்பனைக்கு வந்தது. முன்பு ஜெர்மனியை ஜப்பான் மிரட்டியதைப் போல, இப்போது சீனா மென்பொருளைக் கொண்டு மிரட்டுகிறது. மறுபுறம், உயரமான எஸ்யுவி கார்களின் மோகம் செடான்களையே ஓரம் கட்டிவருகிறது. பிரிட்டிஷ் பிரதமர்களைச் சுமந்த ஜாகுவார் எக்ஸ்ஜே காரின் தயாரிப்பு 2019 ஜூலையிலேயே முடிவுக்கு வந்தது.

இந்தியாவில் எதிர்நோக்கும் பெரிய மாற்றம் தடையற்ற வணிக ஒப்பந்தங்கள். 2025 ஜூலை 24ந்தேதி பிரிட்டனுடன் கையெழுத்தான ஒப்பந்தம், குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் கார் இறக்குமதி வரியைப் படிப்படியாக 10 சதவீதம் வரை குறைக்க வழி செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துடனான பேச்சுவார்த்தை நிறைவடைந்ததாக 2026 ஜனவரியில் அறிவிக்கப்பட்டபோதும், கார்களுக்கு அதே போன்ற எண்ணிக்கை வரம்புடன் கூடிய வரிக் குறைப்பு அதில் முக்கிய இடம் பெற்றது.

இங்குதான் தமிழகமும் மகாராஷ்டிரமும் கவலை கொள்ள வேண்டிய கேள்வி எழுகிறது. முழுக் காரும் 10 சதவீத வரியில் வரக்கூடிய நாள் வந்தால், பாகங்களாகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே பொருத்துவதற்கு என்ன தேவை இருக்கும்? உயர்ந்த வரிச்சுவரின் நிழலில் வளர்ந்த ஒன்றுசேர்ப்பு ஆலைகள், சுவர் தாழும்போது உதிரிப் பாக உற்பத்தியிலும் பொறியியல் பணிகளிலும் ஆழமாக வேரூன்றியிருந்தால் மட்டுமே நிலைக்கும். என்ஜின், இருக்கை, கதவுப் பலகை என உள்நாட்டுக் கொள்முதலை விரிவாக்கிக்கொண்ட நிறுவனம் தாங்கி நிற்கலாம்.

யாருக்காக இந்தப் போட்டி?

2020 மே மாதம், கொரோனா பெருந்தொற்றின்போது, சடங்கு நிகழ்ச்சிகளுக்காகப் புதிய சொகுசு வாகனம் வாங்கும் திட்டத்தைக் குடியரசுத் தலைவர் மாளிகை சிக்கன நடவடிக்கையாக ஒத்திவைத்தது. 2025 அக்டோபரில் ஊழல் ஒழிப்பு அமைப்பான லோக்பால், ஏறத்தாழ 70 லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஏழு பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் கார்களுக்கு டெண்டர் கோரியது. உச்ச மாதிரிகூட அல்லாத அந்தக் கார்களுக்கே கடும் விமர்சனம் எழுந்தது. பின்னர் அந்த டெண்டர் ரத்து செய்யப்பட்டது. பொதுப் பணத்தில் எந்த அளவுக்குச் சொகுசு தகும் என்பதை மக்கள் உன்னிப்பாகக் கவனிக்கிறார்கள் என்பதற்கு இவை அடையாளம்.

ஆனால், அரசு வாங்கும் சில கார்களைக் காட்டிலும், அரசு விதிக்கும் வரியின் விளைவு பன்மடங்கு பெரிது. எஸ்-கிளாஸ், 7 சீரிஸ் போன்ற கார்களின் தரத்தை ஷ்டுட்கார்ட்டிலும் மூனிச்சிலும் உள்ள பொறியாளர்கள் தீர்மானிக்கிறார்கள். இந்தியாவில் அவற்றுள் எது, எந்த விலையில், எந்த எரிபொருளில் வெற்றி பெறும் என்பதைத் தீர்மானிப்பது நமது அரசுகள். எந்தக் காருக்கு எவ்வளவு வரி என்பது பணக்காரர்களின் தனிப்பட்ட விவகாரம் அன்று. அதில் மாநிலங்களின் வருவாய் அடங்கியிருக்கிறது. செங்கல்பட்டிலும் சாகனிலும் உள்ள தொழிலாளியின் வேலை அடங்கியிருக்கிறது. சிறிய கார் வாங்கும் குடும்பம் செலுத்தும் 18 சதவீதத்தின் நியாயமும் அடங்கியிருக்கிறது.

பின் இருக்கையில் அமர்பவர் யாராயினும், பாதை வகுக்கும் பொறுப்பு நாடாளுமன்றத்துக்கும் ஜிஎஸ்டி கவுன்சிலுக்கும் உரியது. காரின் விலையைப் பற்றிச் சில நாள் எழுந்து அடங்கும் சர்ச்சையைவிட, அந்த விலை எப்படி உருவாகிறது என்ற விவாதம் அங்கே நடைபெறுவதே நாட்டுக்குப் பயன் தரும்.